மடிப்பாக்கம் வீட்டு சோலார் டேங்க்: வென்ட் பைப் போதுமா, பிரஷர் டேங்க் வேண்டுமா?

வீட்டுக்குச் சுடுதண்ணீர் டேங்க் வாங்கும்போது எத்தனை லிட்டர், எத்தனை வருட வாரண்டி, கூப்பிட்டால் சர்வீஸ் ஆள் வருவாரா என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்பார்கள். அது வென்ட் எனப்படும் வாய் திறந்த குழாய் வழியாகக் காற்றுக்குத் திறந்திருக்கும் டேங்கா, முழுக்க மூடி அழுத்தத்தில் நிற்கும் பிரஷர் டேங்கா என்று கேட்பவர் ரொம்பக் குறைவு. கேட்காவிட்டாலும் சென்னையில் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. மொட்டை மாடி டேங்கிலிருந்து பச்சைத் தண்ணீர் தானாக இறங்குகிறது, சோலாரிலிருந்து சுடுதண்ணீரும் தானாக இறங்குகிறது, இரண்டும் ஒரே உயரத்துத் தண்ணீர் என்பதால் சண்டை வருவதில்லை. வீட்டில் யாராவது ஒருவர் ரெயின் ஷவர் ஆசைப்படும்போதுதான் வினை ஆரம்பிக்கும்.

இங்கே சொல்லப்போவது அப்படி ஒரு வீடு. மடிப்பாக்கத்தில் தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட தனி வீடு. கீழே ஓய்வுபெற்ற பெரியவரும் அம்மாவும், மேலே மகன், மருமகள், பள்ளிக்கூடம் போகும் பையன். பெரியவருக்கு வருடம் முழுக்க, கத்திரி வெயிலிலும்கூட, வெந்நீர்க் குளியல்தான். அதற்காகவே போட்டது மாடியில் இருக்கும் 200 லிட்டர் சோலார், கண்ணாடிக் குழாய் வகை. பல வருடமாக ஒரு தொந்தரவும் கொடுக்காமல் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் போர் தண்ணீர்தான், கோடையில் லாரி.

மேல்தளக் குளியலறையை இடித்துப் புதுசாகக் கட்டியபோது எட்டு அங்குல ரெயின் ஷவர், சுடுதண்ணீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து ஷவருக்கு அனுப்பும், சுவருக்குள் புதைத்த ஒற்றைக் கைப்பிடி டைவர்ட்டர், அழுத்தினால் மட்டும் தண்ணீர் வரும் ஹேண்ட் ஷவர் எல்லாம் வந்து இறங்கின. மாட்டித் திறந்தால் ஷவரிலிருந்து தண்ணீர் நூல் நூலாக ஒழுகியது. இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை, கணக்கு அப்படித்தான். ஓவர்ஹெட் டேங்கின் அடி மாடித் தரையிலிருந்து இரண்டரை மீட்டர் மேலே, ஷவர் மாடித் தரைக்கு ஒரு மீட்டர் சொச்சம் கீழே. மொத்தம் 3.6 மீட்டர். பத்து மீட்டர் தண்ணீருக்கு ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் என்றால் இங்கே கிடைப்பது 0.36 பார், அதிலும் பைப்பும் எல்போவும் கொஞ்சம் தின்றுவிடும். ரெயின் ஷவர் ஒழுங்காகப் பொழிய ஒரு பாராவது வேண்டும். கீழ்த்தளத்தில் இன்னொரு மூன்று மீட்டர் சொச்சம் சேர்வதால் 0.68 பார் வருகிறது, அங்கே யாருக்கும் குறையில்லை.

பிளம்பர் மாடியில் ஒரு பிரஷர் பம்ப் வைத்து, அதை பச்சைத் தண்ணீர் மெயின் லைனில் சேர்த்துவிட்டார். ஒன்றரை பார். சுடுதண்ணீர் லைனைத் தொடவில்லை. ஷவர் பிரமாதமாகக் கொட்டியது, அவரும் பணம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. கீழே பெரியவருக்குக் காலையில் வெந்நீர் இல்லை, வெதுவெதுப்புகூட இல்லை. ராத்திரி யாரும் தண்ணீர் பிடிக்காத நேரத்தில் பம்ப் உறுமிக்கொண்டே இருந்தது. மாடியில் சோலார் டேங்கின் தலையிலிருந்து மேலே போகும் வென்ட் பைப்பிலிருந்து தண்ணீர் ஊற்றி, சுவரில் பாசி பிடிக்க ஆரம்பித்தது. பிளம்பரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அவர் செய்த வேலைதான் இந்த வீட்டைப் பற்றி எழுத வைத்தது. வென்ட் பைப்பின் வாயில் ஒரு எண்ட் கேப்பைச் செருகி ஒட்டிவிட்டார். "சார், வென்ட்லதான் தண்ணி வந்துச்சு, கேப் போட்டாச்சு, இப்ப ஒரு சொட்டு வருதா பாருங்க" என்று அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. கொஞ்ச நாளில் கண்ணாடிக் குழாய்கள் டேங்கில் நுழையும் இடத்து ரப்பர் வளையங்களில் கசிவு தொடங்கியது. அந்தக் கட்டத்தில்தான் மகன் என்னை அழைத்தார்.

தண்ணீர் எப்படி மேலே ஏறியது

டைவர்ட்டருக்குள் சுடுதண்ணீரும் பச்சைத் தண்ணீரும் சந்திக்கும் ஒரு சின்ன அறை உண்டு. கைப்பிடியை நடுவில் வைத்தால் இரண்டு வழியும் திறக்கும். வெளியே போகும் வழி தாராளமாக இருந்தால் இரண்டும் கலந்து வெளியே போய்விடும். ஆனால் இந்த வீட்டில் ஹேண்ட் ஷவரில் குளித்துவிட்டு, கைப்பிடியை மூடாமல், ஹேண்ட் ஷவரின் விசையை மட்டும் விட்டுவிட்டுக் கொக்கியில் மாட்டுவது பழக்கமாகியிருந்தது. பார்ப்பவருக்குத் தண்ணீர் நின்றுவிட்ட மாதிரிதான் தெரியும். உள்ளே பச்சைத் தண்ணீர் 1.6 பாரில் நிற்கிறது, சுடுதண்ணீர் 0.36 பாரில். வெளி வழி அடைபட்டதால் பலமானது பலவீனமானதைத் தள்ளிக்கொண்டு சுடுதண்ணீர் லைன் வழியாகவே மேலே ஏறுகிறது, சோலார் டேங்குக்குள் பச்சைத் தண்ணீராகப் போய் இறங்குகிறது, அங்கிருந்து வென்ட் வழியாக வழிகிறது. வென்ட்டின் வாய் மாடித் தரையிலிருந்து 4.3 மீட்டர். அதுவரை ஏற ஷவர் மட்டத்தில் 0.54 பார் இருந்தாலே போதும், பம்ப் கொடுப்பதோ அதைப்போல் மூன்று மடங்கு.

இது ஊகம் இல்லை என்பதற்கு நேரே பார்த்த சாட்சி உண்டு. மேல்தளத்தில் கைப்பிடியை நடுவில் வைத்து ஹேண்ட் ஷவரை மாட்டிவிட்டு, மாடிக்குப் போய் சோலாரிலிருந்து இறங்கும் சிபிவிசி பைப்பை, அதாவது சூடு தாங்கும் பிளாஸ்டிக் பைப்பை, கையால் பிடித்துப் பார்த்தோம். மதிய வெயிலில் கொதிக்கவேண்டிய பைப் கீழிருந்து மேலாக ஜில்லென்று ஆகிக்கொண்டே வந்தது. கீழே மகன் கைப்பிடியை மூடியதும் பம்ப் நின்றது.

இதில் இன்னொரு முடிச்சு, சோலார் டேங்குக்குப் பச்சைத் தண்ணீர் வரும் லைனில் ஒரு என்.ஆர்.வி., அதாவது தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் வால்வு, இருந்தது. சுடுதண்ணீர் ஓவர்ஹெட் டேங்குக்குத் திரும்பக் கூடாது என்று நல்ல எண்ணத்தில் போட்டது, வென்ட் திறந்திருக்கும்வரை அதனால் ஒரு கெடுதலும் இல்லை. வென்ட்டை அடைத்த அன்றிலிருந்து கதை வேறு. திரும்பிப் போகும் வழியை என்.ஆர்.வி. மூடிவிட்டது, மேலே போகும் வழியைக் கேப் மூடிவிட்டது. 200 லிட்டர் தண்ணீர் 30 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடானால் கிட்டத்தட்ட 5 லிட்டர் பெருக்கும். அது எங்கே போகும்? தண்ணீரை அமுக்கிச் சுருக்கவும் முடியாது. கீழிருந்து பம்ப் அழுத்தமும் சேர்கிறது. டேங்கின் லேபிளிலேயே அழுத்தம் தாங்காத வகை என்று தெளிவாக அச்சடித்திருக்கிறது. ரப்பர் வளையம் கசிந்ததுதான் அந்த வீட்டின் அதிர்ஷ்டம், பாதுகாப்பு வால்வு செய்ய வேண்டிய வேலையை அது செய்தது. எதிர்த் திசையிலும் ஆபத்து உண்டு. வென்ட் அடைத்த டேங்கில், ரிப்பேருக்காக மேலே கேட் வால்வை மூடிவிட்டுக் கீழ்த்தளத்தில் யாராவது சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்தால், இறங்கும் தண்ணீர் மேலே வெற்றிடத்தை உண்டாக்கி மெல்லிய தகட்டு டேங்கை உள்பக்கமாக ஒடுக்கிவிடும்.

கேப்பை அன்றே அறுத்து எடுத்தோம். வென்ட் சாதாரண பிவிசி பைப்பில் போட்டிருந்ததையும் அப்போது பார்த்தேன், சூட்டில் இளகி நடுவில் வளைந்திருந்தது. வென்ட்டில் வருவது டேங்கிலேயே அதிகச் சூடான தண்ணீரும் ஆவியும். அதற்குப் போய் மழைத்தண்ணீர்க் குழாய் மிச்சத்தைப் போடுகிறார்கள்.

நான்கு வழிகள், அதில் மூன்று ஏன் வேண்டாம்

மகன் நன்றாகப் படித்துவிட்டுத்தான் பேசினார். லண்டனில் இருக்கும் நண்பர் வீட்டில் வென்ட் இல்லாத பெரிய சிலிண்டர் இருக்கிறதாம், எந்தக் குழாயைத் திறந்தாலும் சுடுதண்ணீர் பீய்ச்சி அடிக்குமாம், நாமும் சோலாரைத் தூக்கிவிட்டுப் பிரஷர் தாங்கும் சோலாரே போட்டுவிடலாமே என்பது அவர் கட்சி.

நியாயமான கேள்வி. பிரிட்டனில் பழைய வீடுகளில் நம்மைப் போலத்தான், பரணில் ஒரு பச்சைத் தண்ணீர்த் தொட்டி, கீழே சிலிண்டர், அதிலிருந்து தொட்டிக்கு மேல் வளைந்து நிற்கும் வென்ட். வென்ட் இல்லாத வகைக்கு அங்கே அனுமதி வந்ததே 1980களில்தான். அனுமதியோடு கட்டுப்பாடும் வந்தது. 15 லிட்டருக்கு மேற்பட்ட டேங்க் என்றால் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட், அது தவறினால் மின்சாரத்தை வெட்டி, தானாகத் திரும்ப ஒட்டாத கட்-அவுட், அதுவும் தவறினால் 90 டிகிரியைத் தாண்டும் நேரத்தில் தண்ணீரை வெளியே விடும் வெப்ப அழுத்த வால்வு, தண்ணீர் பெருக்கத்தை வாங்கிக்கொள்ளும் எக்ஸ்பான்ஷன் டேங்க், வால்வு திறந்தால் கண்ணுக்குத் தெரியும்படி ஒரு புனல், மாட்டுவதற்குத் தகுதி பெற்ற ஆள், வருடா வருடம் சர்வீஸ். இத்தனையும் சேர்த்ததுதான் நண்பர் வீட்டுச் சிலிண்டர். அங்கே அதில் பெரிய லாபமும் இருக்கிறது. தெருக்குழாயிலேயே நல்ல அழுத்தம் வருவதால் பரண் தொட்டியே வேண்டாம், பம்ப்பும் வேண்டாம். நமக்குத் தெருக்குழாயில் வருவது சம்ப்பில் விழும் அழுத்தம்தான். சம்ப்பிலிருந்து மாடிக்கு ஏற்றி, மாடியிலிருந்து மறுபடி பம்ப் வைத்து அமுக்கினால்தான் அந்த அழுத்தம் கிடைக்கும். ஆக வென்ட் இல்லாத டேங்கின் முக்கியமான ஆதாயம் சென்னையில் பாதிக்கு மேல் அடிபட்டுப் போகிறது, அதன் பொறுப்புகள் மட்டும் அப்படியே வந்து சேர்கின்றன.

என்னைத் தடுத்தது செலவு இல்லை, தண்ணீர். இந்த வீட்டுப் போர் தண்ணீரில் பக்கெட்டின் உள்பக்கம் வெள்ளை வளையம் கட்டியிருக்கிறது, ஷவர் துளைகளை ஊசி வைத்துக் குத்திக்கொண்டிருக்கிறார்கள். சூடானால் உப்பு இன்னும் வேகமாகப் படியும், அதுவும் எங்கே சொட்டுகிறதோ அந்த வால்வு வாயில்தான் முதலில் படியும். மூடிய டேங்கின் மொத்தப் பாதுகாப்பும் ஒரு ஸ்பிரிங் வால்வை நம்பி நிற்கிறது. குக்கர் வெயிட்டில் பருப்பு அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று எல்லா வீட்டிலும் தெரியும், ஆனால் மாடியில் இருக்கும் வால்வில் உப்பு அடைத்துக்கொண்டால் யாருக்கும் தெரியாது. அந்த வால்வின் கைப்பிடியை அவ்வப்போது தூக்கித் தண்ணீர் வருகிறதா என்று பார்க்க வேண்டும். "யார் பார்ப்பீர்கள்?" என்று கேட்டேன். மகன் மருமகளைப் பார்த்தார், மருமகள் மகனைப் பார்த்தார்.

கரண்ட் கீசருக்கும் சோலாருக்கும் இந்த இடத்தில் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கீசரில் தெர்மோஸ்டாட் வெட்டிவிட்டால் சூடு ஏறுவது நின்றது. வெயிலுக்கு சுவிட்ச் கிடையாது. சித்திரை வைகாசியில் மேல்தளக்காரர்கள் வெந்நீர் பக்கமே போகமாட்டார்கள், பெரியவர் ஒருவர் எடுக்கும் இரண்டு பக்கெட் போக மீதி அப்படியே கொதித்துக்கொண்டு இருக்கும், வென்ட்டில் ஆவி வரும். திறந்த டேங்கில் அது வெறும் ஆவி. மூடிய டேங்கிலோ வால்வு ஒவ்வொரு மதியமும் திறந்து மூட வேண்டிய நிலை, ஒவ்வொரு தடவையும் உப்பு. அழுத்தத்தில் 100 டிகிரியைத் தாண்டிப் போன தண்ணீர் வெளியே காற்றைப் பார்த்த கணத்தில் ஒரு பகுதி ஆவியாக வெடிக்கும், ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் 1,600 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். சரியாக மாட்டி, சரியாகப் பார்த்துக்கொண்டால் பிரஷர் சோலார் நல்ல சாமான்தான், மெயின்டனன்ஸ் ஆள் சம்பளத்துக்கு இருக்கும் ஹோட்டலிலும் ஆஸ்பத்திரியிலும் தாராளமாகப் போடலாம். இந்த வீட்டுக்கு வேண்டாம் என்றேன்.

இரண்டாவது யோசனை பிளம்பருடையது. சுடுதண்ணீர் லைனில் ஷவருக்கு முன்னால் ஒரு என்.ஆர்.வி. போட்டுவிட்டால் தண்ணீர் மேலே ஏறாதே என்றார். ஏறாதுதான். ஆனால் 1.6 பார் எதிரே நிற்கும்போது 0.36 பார் சுடுதண்ணீரால் அந்தக் கதவைத் தள்ளித் திறக்கவும் முடியாது. டேங்க் வழிவது நிற்கும், ஷவரில் வெந்நீர் வராது. மலிவான யோசனை எல்லாருக்கும் பிடிக்கும் என்பதால் இதை அவருக்குக் காகிதத்தில் வரைந்து காட்ட வேண்டியிருந்தது.

மூன்றாவது, சோலார் லைனிலும் ஒரு பம்ப். இரண்டு பக்கமும் சமமாகிவிடுமே? பம்ப் இரண்டும் ஓடும்வரை சமம். ஒன்று பழுதானால், அல்லது ஒன்று கட்-ஆஃப் ஆகி இன்னொன்று ஓடினால், பழையபடி ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தைத் தள்ளும். சாதாரண பிரஷர் பம்ப்பின் சீல்கள் மே மாதத்து 80, 90 டிகிரித் தண்ணீருக்குச் செய்தவையும் அல்ல.

பையன் ஒரு கேள்வி கேட்டான், அது பெரியவர்கள் கேட்காதது: சோலார் தண்ணீரையே கீசருக்குள் விட்டால் கரண்டும் மிச்சம்தானே? கீழ்த்தளத்தில் என்றால் யோசிக்கலாம். மேல்தளத்தில் அந்தக் கீசரும் 0.36 பாரில்தான் நிற்கும், ஷவர் மறுபடி நூல் நூலாக ஒழுகும்.

எடுத்த முடிவு

வீடு முழுவதற்கும் ஒரே வகை என்ற பிடிவாதத்தை விட்டோம். ஒரு குளியலறைக்குள் வரும் சுடுதண்ணீரும் பச்சைத் தண்ணீரும் ஒரே அழுத்தத்தில் வர வேண்டும், வேறு எதில் சமரசம் செய்தாலும் இதில் கூடாது. கீழ்த்தளத்துக்குப் பழைய சோலார், வென்ட்டோடு, இரண்டு லைனும் புவியீர்ப்பில். மேல்தளத்துக்குப் பம்ப் லைன், அதிலிருந்தே ஊட்டப்படும் 25 லிட்டர் கரண்ட் கீசர், அதுவும் மூடிய வகை. வென்ட் இல்லாத டேங்கை வேண்டாம் என்று இவ்வளவு பேசிவிட்டு மேலே அதையே மாட்டினீர்களா என்று கேட்கலாம். அளவு சின்னது, தெர்மோஸ்டாட்டும் கட்-அவுட்டும் உள்ளே இருக்கின்றன, கீசருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ் 2082 முத்திரை, 8 பார் தாங்கும் என்று எழுதியது, பம்ப் கொடுப்பது ஒன்றரை. எல்லாவற்றுக்கும் மேலாக அதன் வால்வு தினமும் குளிக்கிறவர் கண் முன்னால் இருக்கிறது.

வேலையில் கவனித்த சில விஷயங்கள். பம்ப் லைனைக் கீழ்த்தளத்திலிருந்து முழுக்கப் பிரித்து, ஓவர்ஹெட் டேங்கில் தனித் துளை போட்டுக் கீழ்த்தளப் பச்சைத் தண்ணீருக்கு வேறு பைப் இறக்கினோம். மேல்தளத்துக்குப் போகும் சோலார் லைனை வால்வு போட்டு மூடுவதோடு நிறுத்தாமல் மாடியிலேயே அறுத்து, இரண்டு முனையையும் அடைத்தோம். வால்வு என்று ஒன்று இருந்தால் என்றாவது யாராவது திறப்பார்கள். வென்ட்டை ஒரு அங்குல சிபிவிசியில், ஓவர்ஹெட் டேங்க் நிரம்பும் மட்டத்துக்கு அரை மீட்டருக்கு மேல் போகும்படி, நடுவில் வால்வோ கீழ்நோக்கிய வளைவோ இல்லாமல் நேராக ஏற்றி, வாயில் மட்டும் எல்போவைக் கவிழ்த்து வலை கட்டினோம். அந்த அரை மீட்டர் எதற்கென்றால், சுடுதண்ணீர் பச்சைத் தண்ணீரைவிட லேசு, 80 டிகிரியில் இரண்டரை சதவீதம்போல, அதனால் வென்ட்டுக்குள் அதன் மட்டம் ஓவர்ஹெட் டேங்கின் மட்டத்தைவிடச் சற்று உயர்ந்தே நிற்கும். சரியாக அதே உயரத்தில் வென்ட்டை நிறுத்தினால் ஒரு தப்பும் இல்லாமலே வழிந்துகொண்டிருக்கும். வளையங்களை எல்லாம் மாற்றி, நிரப்பி, வெயிலில் விட்டுப் பார்த்தோம், டேங்க் தகட்டில் கசிவு இல்லை.

கீசரின் சேஃப்டி வால்வுக்கு ஒரு குழாய் மாட்டி, வாயை மூடாமல், தரை ஜாலிக்கு மேல் தண்ணீர் விழுவது தெரியும்படி விட்டோம். பம்ப்பிலும் வால்விலும் திரும்ப விடாத கதவு இருப்பதால் 25 லிட்டர் 65 டிகிரிக்குச் சூடாகும்போது பெருகும் 400 மில்லி அளவுத் தண்ணீர் அந்த வழியாகத்தான் சொட்டியாக வேண்டும். மருமகளிடம் இதைச் சொல்லி, கீசர் ஓடும்போது சொட்டினால் நல்லது, சொட்டவே இல்லை என்றால்தான் எனக்குப் போன் செய்யுங்கள் என்றேன். பிளம்பரிடம் தனியாக, அந்தக் குழாய்க்கும் ஒரு கேப் தேடாதீர்கள் தம்பி என்று சொல்லி வைத்தேன், சிரித்தார்.

இப்போது கீழே பெரியவருக்குக் கரண்ட் இல்லாத நேரத்திலும் வெந்நீர் வருகிறது, பைப்பில் ஆறிக் கிடக்கும் நாலு லிட்டர் போனதும் நல்ல சூடு. அதை வீணாக்காமல் ஒரு பக்கெட்டில் பிடித்து அம்மா செடிக்கு ஊற்றுகிறார். மேல்தளத்தில் ஒரு குறை பாக்கி. ரெயின் ஷவர் தண்ணீரை வாரி இறைப்பதால் மகன் குளித்த கையோடு பையன் நுழைந்தால் பாதியில் ஆறிவிடுகிறது, கீசர் மறுபடி சூடாக அரை மணி நேரம் ஆகும். பெரிய கீசர் மாற்றலாமா என்று கேட்டார்கள், முதலில் ஷவருக்குள் தண்ணீரைக் குறைக்கும் ஒரு வில்லை போட்டுப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். டேங்க் அரிக்காமல் இருக்கத் தான் அரிபட்டுக் கரையும் கீசரின் ஆனோடு ராடை அடுத்த வருடம் கழற்றிப் பார்க்க வேண்டும், இந்தப் போர் தண்ணீருக்கு அது வாரண்டி காலம் முழுக்க ஓடும் என்று நான் நம்பவில்லை. பங்குனி பிறந்ததும் சோலார் குழாய்களில் பாதியைத் தார்ப்பாய் போட்டு மூடும் வேலையைப் பெரியவர் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.